தொழுவம் கேள்வி–பதில்: மாட்டை விற்றேன், காது வில்லை இன்னும் என் பெயரில்!

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

சென்ற இதழில் கோமாரித் தடுப்பூசி பற்றி எழுதியபோது, "சான்றைப் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது வேண்டியிருக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். தடுப்பூசியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். சரி, இந்த மாதம் முழுக்கக் காகித விவகாரமே இருக்கட்டும்.

கே: இரண்டாம் ஈற்று ஜெர்சிக் கலப்பினப் பசுவைச் சென்ற மாசியில் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் விற்றேன். சந்தைச் சீட்டு கையில் இருக்கிறது. வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்பது தரகருக்குத்தான் தெரியும். இப்போது ஊருக்குத் தடுப்பூசி போட வந்தவர்கள், அந்த மாடு இன்னும் என் பெயரிலேயே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏதாவது சிக்கல் வருமா?
— வாசகி, காங்கயம் அருகே

வரலாம் அம்மா. வராமலும் போகலாம். ஆனால் சரிசெய்வது சுலபம், அதனால் உடனே செய்துவிடுங்கள்.

மாட்டின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை மாட்டியிருப்பார்கள் இல்லையா, அதில் உள்ள 12 இலக்க எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வேறு எந்த மாட்டுக்கும் அந்த எண் கிடையாது. 'பாரத் பசுதன்' என்ற அரசின் கணினிப் பதிவில் அந்த எண்ணைத் தட்டினால் உங்கள் பெயர், ஊர், கைபேசி எண், மாட்டுக்கு எப்போது கோமாரி ஊசி போட்டது, எப்போது சினை ஊசி போட்டது எல்லாம் வரும். அந்த மாடு நாளைக்கு நெடுஞ்சாலையில் திரிந்து விபத்து ஆனாலும், கணக்குக்கு மேல் ஏற்றிய லாரியில் பிடிபட்டாலும், முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

அப்போது சந்தைச் சீட்டை நீட்டுவீர்கள். அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தேதி இருக்கும், 'மாடு 1' என்று இருக்கும், கட்டிய சுங்கத் தொகை இருக்கும். எந்த மாடு என்று இருக்காது. நீங்கள் அன்று ஏதோ ஒரு மாட்டுக்குச் சுங்கம் கட்டினீர்கள் என்பதற்குத்தான் அது சாட்சி. விற்றீர்கள் என்பதற்கே அல்ல.

இப்போது செய்ய வேண்டியது: தரகரைப் பிடித்து, வாங்கியவரின் பெயரும் கைபேசி எண்ணும் கேட்டு வாங்குங்கள். சந்தைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மருத்துவரோ கால்நடை ஆய்வாளரோ பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றித் தருவார். வாங்கியவர் கிடைக்கவில்லை என்றால், இன்ன தேதியில் விற்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியிட்ட முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை விற்கும்போது வெள்ளைத் தாளில் இப்படி எழுதினால் போதும்: "காது வில்லை எண் இன்னது, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஆறு பல், இரண்டாம் ஈற்று ஜெர்சிக் கலப்பினப் பசு, பெண் கன்றுடன், இன்ன தொகைக்கு, இன்ன தேதி இன்ன மணிக்கு, இன்னார் இன்னாருக்கு விற்றார். இந்த நேரம் முதல் மாட்டுக்கு வாங்கியவரே பொறுப்பு." இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து, கைபேசி எண்கள், சாட்சிக்குத் தரகர். மணியையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சந்தையில் காலையில் வாங்கிய மாடு மத்தியானத்துக்குள் மூன்று கை மாறும். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை யாரும் விடச் சொல்லவில்லை. துண்டை எடுத்த பிறகு ஐந்து நிமிடம் பேனாவைப் பிடியுங்கள், அவ்வளவுதான். அப்புறம், வில்லை எண் தெரிகிற மாதிரி மாட்டின் முகத்தோடு ஒரு போட்டோ.

தடுப்பூசிச் சான்றை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, அந்தச் சான்றில் மருந்து தயாரித்த நிறுவனம், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். 'ஊசி போடப்பட்டது' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு சான்று ஆகாது.

கன்று வீச்சு நோய்க்கான (புருசெல்லோசிஸ், சினை கலைந்துபோகும் தொற்றுநோய்) ஊசி விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஆயுளுக்கு ஒரே முறை போடுவது அது. அந்த ஊசி போட்ட மாட்டுக்குப் பின்னால் ரத்தப் பரிசோதனை செய்தால், சில சமயம் நோய் இருப்பது போலவே முடிவு வரும். சான்று இருந்தால் "ஓ, ஊசியால் வந்தது" என்று மருத்துவர் யோசிப்பார். சான்று இல்லாமல் மூன்று கை மாறிய மாடு என்றால், நல்ல மாட்டை நோய் மாடு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காப்பீடு செய்த மாடாக இருந்தால், விற்றதும் பாலிசி தானாக வாங்கியவர் பெயருக்குப் போய்விடாது. நிறுவனத்துக்கு எழுதி மாற்ற வேண்டும். வில்லை விழுந்துவிட்டால் அடுத்த வீட்டு மாட்டின் பழைய வில்லையைக் குத்தும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். மருந்தகத்தில் புது வில்லை போட்டு, பழைய எண்ணின் விவரங்களைப் புது எண்ணோடு சேர்த்துவிடுவார்கள். "வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை" என்பது காப்பீட்டில் பொதுவான நிபந்தனை.

கே: மூன்று கறவை மாடுகளை வாங்கிக் குட்டியானையில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். வழியில் நிறுத்தி "சான்று எங்கே" என்றார்கள். சந்தைச் சீட்டைக் காட்டியும் விடவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் அனுப்பினார்கள். வண்டியில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும்?
— வாசகர், ஆலங்குடி

காகிதத்துக்கு முன்னால் வண்டியைப் பார்ப்போம். குட்டியானையின் பின்பெட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடி அகலம். 35 சதுர அடி. சட்டப்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும், அதாவது சுமார் 21½ சதுர அடி. கணக்குப் போட்டால் அந்த வண்டியில் ஒரு மாடுதான். நீங்கள் மூன்றை ஏற்றியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்களை நிறுத்தியவருக்கு அளவுகோல் ஒன்றே போதும்.

2016 ஜனவரி முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்றே ஒரு பிரிவு நடைமுறைக்கு வந்தது. கால்நடை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் அமைத்து, மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3, பன்றிக்கு 0.6 என்று அறை பிரித்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதற்கான தனி அனுமதி பெற வேண்டும். அடிக்கடி மாடு ஏற்றுகிற வண்டிக்காரரிடம் "இந்த அனுமதி இருக்கிறதா" என்று வாடகை பேசும்போதே கேளுங்கள். பெரிய லாரியாகவே இருந்தாலும் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதி. மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது, தரையில் வழுக்காமல் தென்னைநார்ப் பாயோ பலகையோ வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், மாடு முடிந்தவரை இன்ஜினைப் பார்த்து நிற்க வேண்டும். எல்லாம் அதே விதிதான்.

இனிக் காகிதம். முதலாவது, மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று. இந்தச் சான்று இல்லாவிட்டால் வண்டிக்காரரே ஏற்ற மறுக்க வேண்டும் என்பது விதி. பலர் சிக்கிக்கொள்வது நேரத்தில்தான். புறப்படுவதற்கு 12 மணி நேரத்துக்குள் பரிசோதித்திருக்க வேண்டும். வியாழக்கிழமைச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமையே சான்று வாங்கி வைத்துக்கொண்டால் அது வெறும் காகிதம். சான்றில் மாடுகளின் எண்ணிக்கை, வண்டி எண், போட்ட தடுப்பூசி, அதன் தேதி, தீனியும் தண்ணீரும் காட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்ற உறுதி எல்லாம் வரும். நான் கூடுதலாகக் காது வில்லை எண்களையும் எழுதுவேன். படிவத்தில் அதற்கு இடம் இல்லை, 1978-இல் வில்லை ஏது? அந்தப் படிவம் மாட்டு வெக்கை நோய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்கும். அந்த நோயே உலகத்தில் இல்லை என்று 2011-இல் அறிவித்தாயிற்று.

நான் பணியில் இருந்த காலத்தில் மாட்டை வீட்டில் விட்டுவிட்டுச் சான்றுக்கு மட்டும் ஆளை அனுப்புவார்கள். "நல்லாத்தான் இருக்குதுங்க சார், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். மாட்டைப் பார்க்காமல் எப்படிப் போடுவது? மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, வாய்க்குள்ளும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் உண்டா, தோலில் முடிச்சு தட்டுப்படுகிறதா, உடல் வெப்பம் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கிறதா, நிறைமாதச் சினையா, நொண்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மாட்டுக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மருத்துவரிடம் சான்று வாங்குவது உங்களுக்கும் நல்லதில்லை. வழியில் மாடு விழுந்தால் அந்தச் சான்றே உங்களுக்கு எதிராக நிற்கும்.

இரண்டாவது, சிவப்பு எழுத்தில் ஒரு அட்டை. அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை மாடு, என்ன வகை, எவ்வளவு தீனி ஏற்றியிருக்கிறது. இதை வைத்திருந்த வண்டியை நான் பார்த்தது மிக அபூர்வம். ஒரு மார்க்கர் பேனாவும் பழைய காலண்டர் அட்டையும் இருந்தால் முடிகிற வேலை. முதலுதவிப் பெட்டியும் வண்டியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மேலே காங்கயம் வாசகிக்குச் சொன்ன விற்பனைக் கடிதம். இது சட்டம் கேட்கும் படிவம் இல்லை. ஆனால் "திருட்டு மாடா?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

வண்டியும் மாடும் பறிமுதலாகி வழக்கு என்று ஆகிவிட்டால் செலவு கைமீறிப் போகும். 2017-இல் வந்த விதியின்படி, வழக்கு நடக்கும்போது மாடுகளைக் கோசாலை மாதிரியான இடத்தில் விட்டுவைத்து, தீனிச் செலவையும் வைத்தியச் செலவையும் உரிமையாளரிடம் வாங்கலாம். மூன்று கறவை மாடுகளின் தீனிச் செலவு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: சந்தையில் மாடு விற்றால் ஐந்து பிரதி எழுத வேண்டும், தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று போக வேண்டும் என்று சொல்கிறார்களே, உண்மையா?
— வாசகர், மணப்பாறை

2017 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட கால்நடைச் சந்தை விதியில் அப்படி இருந்தது. வாங்குபவர், விற்பவர், தாலுகா அலுவலகம், தலைமைக் கால்நடை அலுவலர், சந்தைக் குழு என்று ஆளுக்கு ஒரு பிரதி. அந்த மாதமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த ஐந்து பிரதியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். அதைக் காரணம் காட்டி யாராவது பணம் கேட்டால் விதி எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கே: நாங்கள் கிடை ஆடு (உரத்துக்காக இரவில் வயலில் அடைக்கும் மந்தை) மேய்ப்பவர்கள். அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தே போவோம். எங்களுக்கும் சான்று வேண்டுமா?
— கீதாரி ஒருவர், கமுதி

நடந்து போவதற்கும் 2001-இல் ஒரு விதி வந்தது. புறப்படும் ஊரின் எல்லையிலிருந்து போய்ச் சேரும் இடம் 5 கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது பொருந்தும். மருத்துவர் சான்று வேண்டும். சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் ஓட்டக் கூடாது. வளர்ந்த ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், குட்டிக்கு 16 கிலோமீட்டர் என்று வரம்பு. நீங்கள் மேய்த்துக்கொண்டே போகிறவர்கள், அவ்வளவு தூரம் ஓட்டவே மாட்டீர்கள். இந்த விதியை எழுதியவர்கள் கிடையைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் விதி விதிதானே.

உங்களுக்கு என் யோசனை: கிளம்பும் முன் ஊர் மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் ஊசி போட்டு, மந்தைக்கு மொத்தமாக ஒரு சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் எந்த வயலில் எந்தத் தேதியில் கிடை போட்டீர்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வாருங்கள். கிடைக்கூலிக் கணக்கை எப்படியும் எழுதுகிறீர்கள், அதே பக்கத்தில் செத்த ஆடு, விற்ற ஆடு, வாங்கியவர் பெயர் என்று மூன்று வரி சேர்த்தால் போதும். நீங்கள் போன வழியில் பின்னால் நோய் கிளம்பி, "கிடைக்காரன் கொண்டுவந்தான்" என்று பேச்சு வந்தால், அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கே: பசுவுக்கு மடி நோய் வந்து மடிக்குள் மருந்து ஏற்றினோம். மூன்றாம் நாள் மடி சரியாகிவிட்டது, பாலை வாடிக்கையாக ஊற்றும் வீடுகளுக்கே ஊற்றினேன். ஒரு வீட்டில் தயிர் உறையவில்லை என்று சண்டை. பாலில் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன்?
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

தயிர் உறையாததற்குக் காரணம் மருந்துதான் அம்மா. பாலில் தங்கிய நுண்ணுயிர்க்கொல்லி உறைமோரில் உள்ள கிருமியையும் கொன்றுவிடுகிறது. மடி வீக்கம் வற்றியது என்றால் மாடு தேறிவிட்டது என்று அர்த்தம். மருந்து பாலை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காய்ச்சினாலும் பெரும்பாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக அதைக் குடிக்கிற குழந்தைக்கு ஒவ்வாமை வரலாம். நாளைக்கு நிஜமாகக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

கால்நடை மருந்துகளின் லேபிளில், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விற்கக் கூடாது என்று அச்சிட வேண்டும் என்பது 2012 முதல் சட்டம். தனியாகச் சோதித்துக் காலம் நிர்ணயிக்காத மருந்து என்றால், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாள், இறைச்சிக்கு 28 நாள்; இதற்குக் குறைவாகப் போடக் கூடாது. மருந்துக் கடையில் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு டியூபை மட்டும் வாங்கி வராதீர்கள். அந்த எண் பெட்டியில்தான் இருக்கும். கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குக் கொடுப்பதற்கு 2019-இலேயே தடை வந்துவிட்டது. தீவன டானிக் என்ற பெயரில் யாராவது பழைய சரக்கைத் தள்ளிவிட்டால் வாங்காதீர்கள்.

மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். வில்லை எண், நோய், மருந்து, தொகுதி எண், கடைசியாகக் கொடுத்த தேதி, எந்தத் தேதியிலிருந்து பால் விற்கலாம் — இவ்வளவுதான். கடைசிக் கட்டத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். பால் கறக்கிறவர் வேறு ஆளாக இருந்தால் அந்தக் கட்டம் அவருக்குத்தான். இரண்டு மாடு வைத்திருப்பவர் இந்த நோட்டு வைத்தே தீர வேண்டும் என்று எந்த அதிகாரியும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் மாட்டைச் சினையோடு விற்கும்போது இந்த நோட்டை விரித்துக் காட்டிப் பாருங்கள், விலை பேசுகிறவர் கொஞ்சம் இறங்கி வருவார்.

வீடுகளுக்கும் டீக்கடைக்கும் நேரடியாகப் பால் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்து பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றுகிறவர்களுக்கு இந்தப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. 'முழுவதையும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். காலைப் பால் சங்கத்துக்கு, மாலைப் பால் வீடுகளுக்கு என்றால் விலக்கு இல்லை. பில் போட்டு விற்றால் அந்த 14 இலக்கப் பதிவு எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

கே: பக்கத்து ஊரில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் என்கிறார்கள். விற்க நினைத்த இரண்டு காளைகளைச் சட்டென்று இந்த வாரச் சந்தைக்கு ஓட்டிவிடலாமா?
— வாசகர், தாராபுரம்

கூடாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ சொல்ல வேண்டியது மாட்டுக்காரரின் கடமை. அரசு அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்துவிட்டால், நோய் கண்ட மாட்டை மட்டும் அல்ல, அது தின்ற வைக்கோல், படுத்த கூளம், செத்தால் அதன் தோல், எதையும் வெளியே கொண்டுபோக முடியாது, சந்தையும் கூடாது. உங்கள் காளைகளுக்கு ஊசி போட்டுப் பதிவு வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் பொறுங்கள். அவசரத்துக்கு 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

இதோடு சேர்த்து ஒன்று. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலுக்கு ஆசைப்பட்டு அறுக்காதீர்கள், தோல் வியாபாரி எவ்வளவு கொடுத்தாலும் சரி. அறுத்த இடத்து மண்ணில் அந்தக் கிருமி பல பத்து ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மருத்துவருக்குச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். செத்த மாட்டைக் குளத்திலோ வாய்க்காலிலோ இழுத்துப் போடுவது தண்டனைக்குரிய குற்றம்.

கே: எட்டயபுரம் சந்தையில் ஆடு வாங்கி லாரியில் ஏற்றினால் ஜி.எஸ்.டி. இ-வே பில் வேண்டுமா?
— வாசகர், விருதுநகர்

உயிருள்ள ஆடு, மாட்டுக்கு வரி இல்லை; இ-வே பில்லும் வேண்டாம். மருத்துவர் சான்று வேண்டும். ஐந்து டன் லாரியில் 40 ஆட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள்.